நடந்துக்கிட்டே பேச முடியுமா?

இந்த எபிசோடை நீங்க எங்கிருந்து கேக்கிறீங்கன்னு எனக்குத் தெரியாது. ஆனா ஒரு யூகம் இருக்கு. உங்கள்ல நிறையப் பேர் இப்போ நடந்துக்கிட்டே கேப்பீங்க. காதுல இயர்போன், தோள்ல பை. எதிர்ல ராங் சைடுல வர்ற பைக்குக்கு ஒதுங்குறீங்க. பிளாட்பாரம் உடைஞ்ச இடத்துல காலைக் கொஞ்சம் தூக்கி வைக்கிறீங்க. நடுவுல ஒரு வாட்ஸ்அப் மெசேஜுக்குப் பதிலும் போடுறீங்க. இவ்வளவுக்கும் நடுவுல நான் பேசுறதும் புரியுது. அடுத்த அடியை எங்கே வைக்கணும்னு இதுவரைக்கும் ஒரு தடவைகூட யோசிச்சிருக்க மாட்டீங்க.

இந்த 'யோசிக்காம நடக்கிறது' இருக்கே, அதைப் பத்திதான் இன்னைக்குப் பேசப்போறோம். அது ஒருத்தர்கிட்ட இருந்து பறிபோனா என்ன ஆகும்? அதைத் திரும்பக் கொண்டுவர டிரெட்மில், கேம் கேமரா, லேசர் வச்ச ஷூ மாதிரியான விஷயங்கள் உதவுமா? உதவும்னா எவ்வளவு?

நோயோட பேரு பார்க்கின்சன். தமிழ்ல நடுக்குவாதம்னு சொல்றோம். அந்தப் பேரே நம்மளைக் கொஞ்சம் திசைதிருப்பி விட்டுடுது. நடுக்கம்தான் நோய்னு நினைச்சுக்கிறோம். கை நடுங்கினா காபி சிந்தும், சட்டை பட்டன் போட முடியாது. கஷ்டம்தான். ஆனா இந்த நோய் இருக்கிற நிறைய பேரோட வாழ்க்கையைச் சுருக்கிப் போடுறது கீழே விழுறதும், விழுந்துடுவோமோங்கிற பயமும்தான்.

வாசல்படியில ஒட்டிக்கிற கால்

ஒரு காட்சியை மனசுல கொண்டுவாங்க. அறுபத்தஞ்சு, எழுபது வயசு அப்பா. ஹால்ல நல்லாத்தான் நடக்கிறார். படுக்கையறை வாசல் வந்ததும் கால் நின்னுடுது. தரையோட பசை போட்டு ஒட்டின மாதிரி. உடம்பு முன்னாடி போகப் பாக்குது, பாதம் வரல. பின்னாடியிருந்து மகன் சொல்றான்: "என்னப்பா, வாசல்தானே, வாங்க." அவசரப்படுத்தினா இன்னும் மோசமாகுது. அந்த நேரம் பாத்து உள்ளே போன் அடிக்குது. கவனம் போன் பக்கம் திரும்புது, அப்பா விழுந்துடுறார்.

இந்தக் கால் ஒட்டிக்கிறதுக்கு மருத்துவர்கள் சொல்ற பேரு ஃப்ரீஸிங், அதாவது உறைஞ்சு போறது. எல்லாருக்கும் வராது. நோய் முத்த முத்த வர வாய்ப்பு அதிகம். வாசல், குறுகலான இடம், திரும்புறது, கூட்டம், அவசரம். இந்த அஞ்சு இடத்துலதான் அது பெரும்பாலும் பிடிக்கும்.

இப்போ இதே நோய்ல இருக்கிற ஒரு ஆச்சரியத்தைச் சொல்றேன். 2010-ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழ்ல நெதர்லாந்து மருத்துவர்கள் ரெண்டு பேர் ஒரு வீடியோ வெளியிட்டாங்க. ஸ்னைடர்ஸ், பாஸ் ப்ளூம்னு பேரு. அதுல 58 வயசு ஆள் ஒருத்தர் நடக்க முயற்சி பண்றார். ரெண்டு அடி, மூணு அடி, கால் உறையுது, பிடிமானம் இல்லன்னா விழுந்துடுவார். அடுத்த காட்சியில அதே ஆளை ஒரு சைக்கிள்ல ஏத்தி விடுறாங்க. சர்ருனு ஓட்டிக்கிட்டுப் போறார். வளைஞ்சு திரும்பறார். இறங்கினதும் மறுபடி கால் ஒட்டிக்குது.

அப்போ காலுக்கு ஒண்ணும் ஆகல. தசை இருக்கு, நரம்பு இருக்கு, பலமும் இருக்கு. கோளாறு வேற எங்கேயோ.

பழக்கம் தொலைஞ்ச மூளை

முதன்முதலா கியர் பைக் ஓட்டக் கத்துக்கிட்ட நாளை நினைச்சுப் பாருங்க. க்ளட்ச் பிடி, கியர் போடு, மெதுவா விடு, ஆக்சிலேட்டர் குடு. ஒவ்வொண்ணும் யோசிச்சு யோசிச்சு. பின்னாடி உக்காந்திருக்கிற நண்பன் ஏதாவது கேட்டா "பேசாம இருடா"ன்னு கத்துவோம். ஆறு மாசம் கழிச்சு? பேசிக்கிட்டே, பாட்டு பாடிக்கிட்டே ஓட்டுறோம். கை தானா வேலை செய்யுது.

அந்த 'தானா' நடக்கிற வேலையை மூளையோட ஆழத்துல இருக்கிற பேசல் கேங்லியாங்கிற பகுதிகள் பாத்துக்குது. அதுக்கு டோபமின்ங்கிற வேதிப்பொருள் வேணும். பார்க்கின்சன்ல டோபமினைத் தயாரிக்கிற செல்கள் கொஞ்சம் கொஞ்சமா அழியுது. பழகின வேலையைத் தானா ஓட்டுற திறமை முதல்ல அடி வாங்குது. சின்ன வயசுல இருந்து செஞ்ச வேலையான நடையும் அதுல ஒண்ணு.

அப்போ அந்த ஆள் எப்படித்தான் நடக்கிறார்? மூளையோட முன்பகுதியைக் கடன் வாங்கித்தான். திட்டம் போடுறது, கவனம் வைக்கிறது, ரெண்டு விஷயத்துல எது முக்கியம்னு முடிவு பண்றது எல்லாம் அந்த முன்பகுதியோட வேலை. நாம முதல் நாள் கியர் பைக் ஓட்டின மாதிரி, அவர் தினமும் யோசிச்சு நடக்கிறார். இதுல ரெண்டு சிக்கல் இருக்கு. ஒண்ணு, யோசிச்சு நடக்கும்போது வேற எதையாவது யோசிக்க இடம் இல்ல. ரெண்டாவது, அந்த முன்பகுதியையும் இந்த நோய் விட்டு வைக்கிறதில்ல. அதனாலதான் நடையையும் சிந்தனையையும் தனித்தனியாப் பாக்க முடியாது.

ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல லண்டன்ல இந்த நோயை முதன்முதலா விரிவா எழுதினார். அவர் விவரிச்சது ஆறே ஆறு பேரை. அதுல சிலரைத் தெருவுல பாத்ததோட சரி. அந்தக் கட்டுரையில அவர் புலன்களும் அறிவும் பாதிக்கப்படுறதில்லன்னு எழுதினார். மத்த விஷயங்கள்ல அவரோட பார்வை ரொம்பக் கூர்மை. இந்த ஒரு இடத்துல தவறிட்டார். நாமும் இன்னும் கொஞ்சம் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருக்கோம்: காலுக்கு ஒரு பயிற்சி, மூளைக்கு ஒரு சுடோகுன்னு.

பேச நின்றவர்கள்

1997-ல லான்செட் இதழ்ல ஒரு சின்ன ஆய்வு வந்தது. ஸ்வீடன்ல முதியோர் தங்குற இடம் ஒண்ணுல இருந்த 58 பேர். அவங்க நடக்கும்போது கூடவே ஒருத்தர் நடந்து பேச்சுக் கொடுக்கிறார். அவ்வளவுதான் பரிசோதனை. பதில் சொல்றதுக்காக யாரெல்லாம் நடையை நிறுத்துறாங்கன்னு பாத்தாங்க. 12 பேர் நின்னாங்க. அடுத்த ஆறு மாசத்துல அந்த 12 பேர்ல 10 பேர் கீழே விழுந்தாங்க.

அது பார்க்கின்சனுக்குன்னே நடந்த ஆய்வு இல்ல. ஆனா அது காட்டின விஷயம் ரொம்ப எளிமையானது. பேசுறதுக்காக நிக்க வேண்டியிருக்குன்னா, நடக்கிறதுக்கே முழு கவனமும் செலவாகுதுன்னு அர்த்தம். கையிருப்பு ஒண்ணும் இல்ல. வீட்டுல இருக்கிற வயசானவங்களோட அடுத்த தடவை நடக்கும்போது இதைச் சும்மா கவனிச்சுப் பாருங்க. அவங்களுக்குச் சொல்லாம சோதனை வைக்காதீங்க, கவனிச்சா மட்டும் போதும்.

இதைத் தெரிஞ்சுக்கிட்டதும் எல்லாரும் சொல்ற அறிவுரை ஒண்ணு உண்டு: "நடக்கும்போது பேசாதீங்க. ஒரு நேரத்துல ஒரு வேலை." தப்பான அறிவுரை இல்ல. ஆனா தெருவுல அது நடக்குமா? சிக்னல் மாறுது, ஆட்டோ ஹாரன் அடிக்குது, தெரிஞ்சவர் ஒருத்தர் "என்ன சார், சௌக்கியமா"ன்னு கேக்கிறார். உலகம் ஒரு நேரத்துல ஒண்ணா வர்றதில்ல. அப்போ அந்த அறிவுரை கடைசியில எங்கே கொண்டு விடும்னா, வீட்டை விட்டு வெளியே போகாம இருக்கிறதுல. வெளியே போகலன்னா தசை பலவீனமாகும். தசை பலவீனமானா விழ வாய்ப்பு கூடும். விழுந்தா பயம் கூடும். பயந்தா இன்னும் வெளியே போக மாட்டாங்க. இந்தச் சுழல்ல மாட்டினவங்களை நீங்க பாத்திருப்பீங்க.

அதனால சில ஆய்வாளர்கள் கேள்வியைத் திருப்பிப் போட்டாங்க. ரெண்டு வேலையைத் தவிர்க்கச் சொல்றதுக்குப் பதிலா, ரெண்டு வேலையை ஒண்ணா செய்யப் பழக்கினா என்ன?

டிரெட்மில்லும் திரையும்

இந்தக் கேள்விக்குக் கிடைச்ச பெரிய பதில்கள்ல ஒண்ணு வி-டைம்ங்கிற ஆய்வு. 2016-ல லான்செட்ல வந்தது. டெல் அவிவ்ல இருக்கிற அனாட் மிரெல்மேன், ஜெஃப்ரி ஹவுஸ்டார்ஃப் குழு முன்னின்று நடத்தினாங்க. பெல்ஜியம், இஸ்ரேல், இத்தாலி, நெதர்லாந்து, பிரிட்டன்னு அஞ்சு நாட்டுல நடந்தது. 60-ல இருந்து 90 வயசுக்குள்ள இருக்கிற 302 பேர். சேர ஒரு நிபந்தனை: முந்தைய ஆறு மாசத்துல குறைஞ்சது ரெண்டு தடவையாவது விழுந்திருக்கணும். கடைசிக் கணக்குல வந்தவங்க 282 பேர். அதுல 130 பேருக்குப் பார்க்கின்சன்.

ரெண்டு குழுவாப் பிரிச்சாங்க. ரெண்டு குழுவும் டிரெட்மில்ல நடந்தாங்க. வாரம் மூணு தடவை, ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரம், ஆறு வாரம். ஒரு குழுவுக்கு டிரெட்மில் மட்டும். இன்னொரு குழுவுக்கு எதிர்ல ஒரு பெரிய திரை.

இங்கே வி.ஆர்.னு சொன்னதும் தலையில மாட்டுற கண்ணாடியை நினைச்சுக்காதீங்க. அது இதுல கிடையாது. நம்ம வீடியோ கேம்ல வந்த கினெக்ட் கேமரா ஞாபகம் இருக்கா? எக்ஸ்பாக்ஸுக்கு முன்னாடி நின்னு குதிச்சு விளையாடுவோமே, அந்த வகைக் கேமராவைக் கொஞ்சம் மாத்தி வச்சாங்க. அது பாதத்தோட அசைவைப் பிடிக்கும். நடக்கிறவரோட பாதம் திரையில தெரியும். திரையில ஒரு பாதை வரும், அதுல தடைகள் வரும். சிலதுக்குக் காலை உயரமாத் தூக்கணும், சிலதுக்கு நீளமா எட்டு வைக்கணும். பாதை ரெண்டாப் பிரியும், எதுல போறதுன்னு முடிவு பண்ணணும். கவனத்தைச் சிதற விடுற விஷயங்களும் நடுவுல வரும். தடுக்கினா திரை சொல்லிடும், சரியாத் தாண்டினாலும் சொல்லும். பக்கத்துல பயிற்சியாளர் நின்னு, ஆளுக்குத் தகுந்த மாதிரி கஷ்டத்தைக் கூட்டிக்கிட்டே போவார். உடம்புல பாதுகாப்புப் பட்டை மாட்டியிருக்கிறதால விழ வாய்ப்பில்ல.

யோசிச்சுப் பாத்தா இது ஒரு சாலைதான். விழுந்தா அடிபடாத சாலை. தப்பு செய்யலாம், திரும்ப முயற்சி பண்ணலாம். நிஜத் தெருவுல அந்த ரெண்டாவது வாய்ப்பு எல்லா நேரமும் கிடைக்காது.

முடிவு என்ன? பயிற்சிக்கு முன்னாடி, டிரெட்மில் மட்டும் குழுவுல ஆறு மாசத்துக்குச் சராசரியா 10.7 தடவை விழுந்தாங்க. திரை வச்ச குழுவுல 11.9. பயிற்சி முடிஞ்ச அடுத்த ஆறு மாசத்துல திரை குழுவுல அது 6-ஆகக் குறைஞ்சது. கிட்டத்தட்டப் பாதி. டிரெட்மில் மட்டும் குழுவுல 8.3. குறைஞ்ச மாதிரி தெரியுது, ஆனா புள்ளியியல் கணக்குல அதை உறுதியான குறைவுன்னு சொல்ல முடியல.

அதாவது, ரெண்டு குழுவோட காலும் ஒரே அளவு வேலை செஞ்சது. வித்தியாசம் கூட இருந்த யோசிக்கிற வேலையில. காலோட சேர்த்து கவனத்தையும் பழக்கினதுலதான் விழுறது குறைஞ்சதுன்னு இந்த ஆய்வு காட்டுது.

இந்த எண்களை எப்படிப் படிக்கணும்

இந்த இடத்துல கொஞ்சம் நிதானிப்போம். நம்ம ஃபீட்ல "வி.ஆர். பார்க்கின்சனைக் குணப்படுத்துது"ன்னு ஒரு ரீல் வந்தா உடனே ஃபேமிலி குரூப்புக்கு அனுப்பிடுவோம். அனுப்புறதுக்கு முன்னாடி மூணு விஷயம்.

முதல் விஷயம், இது குணம் இல்ல. செத்துப்போன டோபமின் செல்லை இது திரும்பக் கொண்டுவரல. மாத்திரையை நிறுத்தலாம்னு இதுக்கு அர்த்தமும் இல்ல. மாத்திரை சரியான நேரத்துக்கு உள்ளே போனாத்தான் பயிற்சியே ஒழுங்கா செய்ய முடியும்.

ரெண்டாவது, 11.9-ங்கிறது சராசரி. அந்தக் குழுவுல ஆளாளுக்கு வித்தியாசம் ரொம்பப் பெருசு. சிலர் ரெண்டு மூணு தடவை விழுந்திருப்பாங்க, சிலர் கணக்கில்லாம விழுந்திருப்பாங்க. அந்த அதிகமா விழுறவங்க சராசரியைத் தூக்கிடுவாங்க. அதனால "எங்க அம்மாவும் பன்னிரண்டுல இருந்து ஆறுக்கு வருவாங்க"ன்னு ஒரு ஆளுக்கு இதைப் பொருத்தக் கூடாது.

மூணாவது, அவங்க பின்தொடர்ந்து பாத்தது ஆறு மாசம். ஆறு வாரப் பயிற்சியை வச்சு ஆயுசு முழுக்க ஓட்ட முடியும்னு இது சொல்லல. ஜிம் மாதிரிதான். போன வருஷம் போனதுக்கு இந்த வருஷம் பலன் கேக்க முடியாது.

இன்னொரு சந்தேகமும் வரலாம். நடக்கும்போது யோசிச்சா விழுவாங்கன்னு நீயே சொன்ன, இப்போ யோசிச்சுக்கிட்டே நடக்கப் பழகச் சொல்ற, பழகும்போதே விழுந்தா? நியாயமான கேள்வி. பெல்ஜியம், நெதர்லாந்து குழுக்கள் 2017-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. பார்க்கின்சன் இருக்கிற 121 பேர், ஆறு வாரம். ஒரு குழு நடையையும் மூளை வேலையையும் ஒண்ணா சேர்த்துப் பழகினாங்க. இன்னொரு குழு ரெண்டையும் தனித்தனியாப் பழகினாங்க. ரெண்டு குழுவுக்குமே, வேற வேலை செஞ்சுக்கிட்டே நடக்கிற வேகம் கூடிச்சு. விழுற ஆபத்து கூடல. முறையா, கூட ஆள் இருந்து பழகினா பயப்பட வேண்டியதில்லன்னு அதுல இருந்து எடுத்துக்கலாம். 'முறையா'ங்கிற வார்த்தைக்கு அடிக்கோடு போட்டுக்கோங்க.

கோடும் தாளமும்

இப்போ வேற ஒரு வகைத் தொழில்நுட்பம். இது மூளையைப் பழக்குறது இல்ல. மூளைக்கு ஒரு குறுக்குவழி காட்டுறது.

1960-கள்லயே பர்டன் மார்ட்டின்ங்கிற பிரிட்டிஷ் மருத்துவர் ஒரு விஷயத்தை எழுதினார். தரையில குறுக்கே வெள்ளைக் கோடு போட்டு வச்சா, உறைஞ்சு நிக்கிற ஆள் அந்தக் கோட்டைத் தாண்டித் தாண்டி நடந்துடுறார். ஏன்? உள்ளே இருந்து வர வேண்டிய 'இப்போ அடி எடு'ங்கிற சமிக்ஞைதான் கோளாறு. வெளியே ஒரு குறி இருந்தா, மூளை வேற பாதை வழியா வேலையை முடிச்சுக்குது. 'நட'ன்னா வரல, 'இந்தக் கோட்டைத் தாண்டு'ன்னா வருது.

தாளமும் அதே மாதிரிதான். 1990-கள்ல மைக்கேல் தௌட் குழு தாளத்தோட நடக்கிற பயிற்சி கொடுத்துப் பாத்தாங்க. மூணு வாரத்துல நடையோட வேகமும் எட்டு வைக்கிற நீளமும் கூடிச்சு. அப்புறம் 2007-ல வெளிவந்த ரெஸ்க்யூங்கிற ஆய்வு மூணு நாட்டுல 153 பேர் வீட்டுக்கே போய் இந்தக் குறிப்புப் பயிற்சியைக் கொடுத்துச்சு. பலன் இருந்தது. ஆனா பயிற்சி நின்னதும் பலன் பெரும்பாலும் கரைஞ்சு போச்சு.

அந்தக் கோட்டைத் தரையில போடாம, ஷூவிலேயே வச்சா? நெதர்லாந்துல ட்வென்டே பல்கலைக்கழகமும் ராட்பவுட் பல்கலைக்கழக மருத்துவமனையும் சேர்ந்து அதைச் செஞ்சாங்க. ஒவ்வொரு ஷூவிலயும் ஒரு சின்ன லேசர். ஒரு கால் தரையில ஊன்றி இருக்கும்போது, அடுத்த கால் தாண்ட வேண்டிய கோட்டை அது தரையில வரையும். போற இடமெல்லாம் கோடும் கூடவே வரும். 19 பேரை வச்சுச் சோதிச்சதுல, மாத்திரையோட வேகம் இறங்கியிருக்கிற நேரத்துல உறையுற எண்ணிக்கை சுமார் 46 சதவீதம் குறைஞ்சது. சின்ன ஆய்வுதான். ஆனா அந்த யோசனை அழகா இருக்கு: ஐம்பது வருஷத்துக்கு முன்னாடி போட்ட வெள்ளைக் கோடு, இப்போ ஷூவில ஏறி நடக்க ஆரம்பிச்சிருக்கு.

சரி, சிந்தனைக்கு? அதுக்குத் தனியா ஒரு சைக்கிள் கதை இருக்கு. 2019-ல வெளிவந்த ஆய்வுல அதே ராட்பவுட் குழு 130 பேர்ல பாதிப் பேர் வீட்டுல ஓடாத சைக்கிளை வச்சாங்க, அதாவது உடற்பயிற்சி சைக்கிள். எதிர்ல திரையில கேம். மிதிக்க மிதிக்கப் பாதை நகரும். வாரம் மூணு தடவை, அரை மணியில இருந்து முக்கால் மணி, ஆறு மாசம். இன்னொரு பாதிப் பேருக்கு வெறும் ஸ்ட்ரெச்சிங். ஆறு மாசத்துக்கு அப்புறம், உடல் அசைவை அளக்கிற மதிப்பெண்ல சைக்கிள் குழு 4.2 புள்ளி நல்ல நிலையில இருந்தாங்க. அவங்கள்ல சிலருக்கு ஸ்கேன் எடுத்துப் பாத்து 2022-ல வெளியிட்டாங்க. கவனத்தைக் கட்டுப்படுத்துற திறன் சைக்கிள் குழுவுல மேம்பட்டிருந்தது. மூளை சுருங்குறதும் அவங்களுக்குக் குறைவா இருந்தது.

இதுல எனக்குப் பிடிச்சது 'வீட்டுல'ங்கிற வார்த்தை. மூச்சு வாங்குற அளவுக்கு மிதிச்சதுதான் மருந்து. கேம் எதுக்குன்னா, நாளைக்கும் அந்த சைக்கிள்ல ஏறி உக்கார வைக்கிறதுக்கு. தொழில்நுட்பத்தோட முக்கியமான வேலை பல நேரம் இவ்வளவுதான்: செய்ய வேண்டிய அலுப்பான விஷயத்தை மறுநாளும் செய்ய வைக்கிறது.

நம்ம வீட்டுல என்ன செய்யலாம்

உங்க வீட்டுலயோ, பக்கத்து வீட்டுலயோ பார்க்கின்சன் இருக்கிற யாராவது இருந்தா, இதைக் கேட்டதும் "அந்த மெஷின் எங்கே கிடைக்கும்"னுதான் முதல்ல தோணும். முதல் கேள்வி அதுவா இருக்க வேண்டாம். நரம்பியல் மருத்துவர்கிட்டயும், பார்க்கின்சன் அனுபவம் இருக்கிற பிசியோதெரபிஸ்ட்கிட்டயும் இப்படிக் கேளுங்க: "இவங்க எந்த இடத்துல, எந்த நேரத்துல விழுறாங்க? அதுக்கு என்ன பயிற்சி?" போறதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் ஒரு காலண்டர்ல குறிச்சு வைங்க. எந்த நேரம், எந்த இடம், மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் ஆச்சு, அப்போ வேற என்ன செஞ்சுக்கிட்டு இருந்தாங்க. அந்த ஒரு பக்கம் காகிதம் மருத்துவருக்குப் பெரிய உதவி.

கால் அடிக்கடி ஒட்டுற வாசல்ல தரையில குறுக்கே கலர் டேப் ஒட்டிப் பாக்கலாம். ஓரம் தூக்கிக்கிட்டு நிக்காத மாதிரி அழுத்தி ஒட்டணும், இல்லன்னா அதுவே தடுக்கி விட்டுடும். போன்ல இலவசமா மெட்ரோனோம் ஆப் கிடைக்குது. அவங்க வழக்கமா நடக்கிற வேகத்துக்குத் தாளத்தை வச்சுப் பாருங்க. உங்க வேகத்துக்கு வைக்காதீங்க. ஆப் பிடிக்கலன்னா அவங்களுக்குப் பிடிச்ச பழைய பாட்டு, தாளம் தெளிவா இருந்தா போதும். எல்லாருக்கும் எல்லாக் குறியும் வேலை செய்யாது. ஒருத்தருக்குக் கோடு, ஒருத்தருக்குத் தாளம், ஒருத்தருக்கு மனசுக்குள்ள "ஒண்ணு, ரெண்டு". பிசியோதெரபிஸ்ட் கூட இருக்கும்போதே எது ஒத்துவருதுன்னு கண்டுபிடிச்சுக்கோங்க.

கால் உறைஞ்சு நிக்கும்போது கையைப் பிடிச்சு இழுக்காதீங்க. இழுத்தா மேல் உடம்பு மட்டும் வரும், கால் அங்கேயே நிக்கும், ரெண்டு பேரும் விழுவீங்க. "சீக்கிரம்"னு சொல்லாதீங்க. நாலு படி இருக்கு: நிக்கட்டும். ஒரு மூச்சு விடட்டும். எடையை ஒரு கால்ல இருந்து இன்னொரு காலுக்கு மாத்தட்டும். அப்புறம் ஒரு பெரிய அடி. நீங்க செய்ய வேண்டியது, பக்கத்துல நின்னு உங்க பாதத்தைக் குறுக்கே வச்சு "அப்பா, இதைத் தாண்டுங்க"ன்னு சொல்றது. லேசர் ஷூ செய்ற அதே வேலையை உங்க செருப்பும் செய்யும்.

நடந்துக்கிட்டே பேசுற பயிற்சி? பயிற்சி நேரத்துல, பாதுகாப்பான இடத்துல, கூட ஆள் இருக்கும்போது செய்யட்டும். படியில இறங்கும்போதும், ரோடு கடக்கும்போதும் நீங்க பேச்சுக் கொடுக்காதீங்க. இது ரெண்டும் முரண் இல்ல. நீச்சல் கத்துக்கிறது குளத்துல, கடல்ல இல்ல.

கடைசியா ஒண்ணு. வாசல்ல அப்பா நின்னப்போ மகன் சொன்னானே, "வாசல்தானே, வாங்க"ன்னு. அவன் கெட்டவன் இல்ல. அவனுக்கு அது வெறும் வாசல். அப்பாவுக்கு அந்த நேரத்துல அது ஒரு கணக்குப் பரீட்சை. வெளியே இருந்து பாத்தா பிடிவாதம் மாதிரி, சோம்பேறித்தனம் மாதிரி தெரியும். பல வீட்டுல சண்டையே அதனாலதான் வருது. "கொஞ்சம் முயற்சி பண்ணக் கூடாதா?" அவங்க ஏற்கெனவே முயற்சி பண்ணிக்கிட்டுத்தான் இருக்காங்க. நாம யோசிக்காம வைக்கிற ஒவ்வொரு அடியையும் அவங்க யோசிச்சு வைக்கிறாங்க. இவ்வளவு கருவிகளும் ஆய்வுகளும் நமக்குச் சொல்லித் தர்ற முதல் பாடம் இதுன்னு நான் நினைக்கிறேன். இதுக்கு டிரெட்மில் தேவையில்ல. அந்த வாசல்ல ஒரு பத்து செகண்டு பேசாம நிக்கத் தெரிஞ்சா போதும்.

நடந்துக்கிட்டே கேட்டவங்க, வீட்டுக்கு வந்து சேர்ந்திருப்பீங்கன்னு நினைக்கிறேன். இந்த எபிசோட் யாருக்காவது உதவும்னு தோணினா அவங்களுக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம். பாத்து நடங்க.